கையெழுத்து நோட்டு இல்லாத கூட்டம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
6.8.1990

அண்ணனுக்கு,

வேலுத்தாய் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பதறாதே. எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். மூன்று வருஷமும் இரண்டு மாதமும் உன்னோடு பேசாமல் இருந்தவள் இன்றைக்கு ஏன் எழுதுகிறாள் என்றால், காரியம் இருக்கிறது. காரியம் இல்லாமல் எழுதுகிற அளவுக்கு என் கோபம் இன்னும் ஆறவில்லை.

என் சின்னவள் மலருக்குத் தையில் மூன்று வயது முடிகிறது. நீ அவளைப் பார்த்ததே இல்லை. உன் மூக்கு. ஜனவரி 27, ஞாயிற்றுக்கிழமை, செண்பகத்தோப்பு போகிற வழியில் இவர்கள் குலசாமி கோயிலில் காது குத்து வைத்திருக்கிறார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்குக் கூடப் பிறந்தவன் நீ ஒருத்தன்தான். ஆனால் சித்தப்பா மகன் சேதுபதியின் மடி போதும் என்று இந்த வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. மூத்தவள் ஜெயந்திக்குக் குத்தியபோது நீ காலை ஒன்பது மணிக்கே குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாய். ஆசாரி ஊசியை வைத்த நேரத்தில் பக்கவாட்டில் சரிந்தாய். பிள்ளையும் உன்னோடு சரிந்தாள். இடது காது கிழிந்து தையல் போட்டது. என் வீட்டுக்காரரின் அண்ணன் காளிராஜ் பெரிய மச்சான்தான் ஓடிவந்து பிள்ளையை உன் மடியிலிருந்து பிடுங்கினார். “இனிமே இவன் எங்க வாசப்படி மிதிக்கக் கூடாது” என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். இன்றுவரை அந்தப் பேச்சுதான் இந்த வீட்டில் சட்டம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஜெயந்திக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மருந்து கொடுக்கிற ஜன்னல் பக்கத்தில் கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. “குடியை நிறுத்த விரும்புகிறீர்களா? நாங்களும் குடித்தவர்கள்தான். வேதக்கோயில் பள்ளிக்கூடம், பின்கட்டு அறை, வியாழன் மாலை ஆறரை மணி.” அவ்வளவுதான். கம்பவுண்டரைக் கேட்டேன். டாக்டர் கிடையாது, மருந்து கிடையாது, கட்டணம் கிடையாது, குடித்தவர்களே உட்கார்ந்து ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்வார்களாம். குடித்தவர்கள் குடிக்காமல் கூடுகிற இடம் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது என்பதே எனக்கு அதிசயம்.

நீ போக வேண்டும். தைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

பதில் போட்டால் அடுத்த வீட்டு சம்சாத் பேகம் பெயருக்குப் போடு. இங்கே வருகிற தபாலெல்லாம் முதலில் பெரிய மச்சானின் உரக்கடை மேஜைக்குத்தான் போகும்.

வேலுத்தாய்

ராஜபாளையம்
14.8.1990

தங்கை வேலுத்தாய்க்கு,

கடிதம் கிடைத்தது. என்ன எழுதியிருக்கிறாய் என்று உன் மதினி சீனியம்மாள் கேட்டாள். அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

நான் மில்லில் பதினாறு வருஷமாக ஃபிட்டர். முதல் ஷிப்டுக்கு ஒருநாள் பிந்தியதில்லை. குடிகாரன் என்றால் ரோட்டில் கிடப்பவன். நான் எங்கேயும் கிடந்ததில்லை. ஷிப்டு முடிந்து உடம்பு வலிக்கு ஊற்றிக்கொள்கிறேன். மில்லில் யார் ஊற்றவில்லை?

ஜெயந்தி விஷயம் தப்புதான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய மச்சான் என் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிய மாதிரி ஒருத்தன் மடியிலிருந்து பிடுங்கக் கூடாது. சம்பந்தக்காரர் மனைவிமார் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேதக்கோயில் பள்ளிக்கூடம் என்றால் பாதிரிமார் பிரசங்கம் பண்ணுவார்கள். எனக்கு ஒத்துவராது. சேதுபதி மடியிலேயே குத்திக்கொள்ளுங்கள்.

மாரிச்சாமி

ஸ்ரீவில்லிபுத்தூர்
20.8.1990

அண்ணனுக்கு,

நீ ரோட்டில் கிடந்ததில்லை. ஒத்துக்கொள்கிறேன். அம்மா செத்த அன்றைக்கு நீ எங்கே கிடந்தாய் என்று மட்டும் சொல்லு. கொள்ளி வைக்க ஆள் இல்லாமல் உன்னைத் தேடி மூன்று பேர் சைக்கிளில் போனார்கள். பிராந்திக் கடைக்குப் பின்னால் கிடந்த உன்னை எழுப்பித் தலையில் தண்ணீர் ஊற்றிக் கூட்டிவந்தார்கள். அது ரோடு இல்லை, சந்து. நீ சொன்னது சரிதான்.

மச்சான் பிடுங்கியது உனக்கு வலிக்கிறது. எனக்கும் வலித்தது. ஆனால் அவர் பிடுங்காமல் இருந்திருந்தால் பிள்ளையின் கண்ணில் ஊசி இறங்கியிருக்கும். அதையும் யோசி.

எனக்குச் சேதுபதி மேல் ஒரு குறையும் இல்லை. நல்ல பையன். ஆனால் என் பிள்ளையை என் அண்ணன் மடியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இந்த ஆசையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லிவிட்டேன். இனி உன் இஷ்டம்.

வேலுத்தாய்

ராஜபாளையம்
31.8.1990

தங்கை வேலுத்தாய்க்கு,

நேற்று போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்.

ஆறு இருபதுக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். முன்பக்க அறையில் விளக்கு எரிந்தது. பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் வயசானவர்கள், சலவை செய்த வெள்ளைச் சட்டை. வாசலில் ஒருத்தர் நோட்டை நீட்டி, பெயர் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். இத்தனை ஒழுங்கான குடிகாரர்களா என்று எனக்கு ஆச்சரியம். வெளியே கழற்றிப்போட்ட செருப்புகள்கூட வரிசையாக இருந்தன.

கொஞ்ச நேரத்தில் தலைவர் மாதிரி இருந்தவர், “புதுசா வந்திருக்கிற அன்பர் தன்னைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லலாம்” என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்தேன். பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். “என் பேரு மாரிச்சாமி. மில்லுல ஃபிட்டரா இருக்கேன். பதினாறு வருசமாக் குடிக்கேன். விடணும்னு நினைக்கேன், விட முடியலை. தங்கச்சி பிள்ளையை மடியில வச்சுக்கிட்டே கீழ சாஞ்சவன் நான்.”

முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார். “தம்பி, நீங்க எந்த டிபார்ட்மென்ட்ல ரிட்டயர் ஆனீக?”

அது பென்ஷன்காரர்கள் சங்கம் வேலுத்தாய். மாதாந்தரக் கூட்டம். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். தலைவர்தான் எழுந்து வந்து என் தோளில் கை வைத்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். “பின்னால ஒரு ரூம்ல லைட் எரியும் பாருங்க தம்பி. நீங்க தேடி வந்தது அதுதான். நீங்க பேசுனதை இங்க ஒருத்தரும் கேக்கலை” என்றார்.

ஓடிப்போய் பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டியதை ஒரு தடவை சொல்லி ஆகிவிட்டது. இரண்டாவது தடவைக்கு அவ்வளவு பயம் இல்லை. பின்கட்டுக்குப் போனேன்.

அங்கே ஐந்து பேர். சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே காலை வைத்ததும் ஒருத்தரைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தவர். திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அவர் முகமும் வெளுத்துப்போனது. பிறகு அவரே நகர்ந்து இடம் விட்டார். பிரசங்கம் எதுவும் இல்லை. ஒருத்தர் பேச மற்றவர்கள் கேட்டார்கள். கன்னத்தில் தழும்பு உள்ள ஒருத்தர் தன் பொண்டாட்டி தாலியை விற்றுக் குடித்ததைச் சொன்னார். யாரும் அடப்பாவி என்று சொல்லவில்லை. எனக்கு அதுதான் பெரிசாகத் தெரிந்தது.

நேற்றும் இன்றும் குடிக்கவில்லை. கை நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருக்கும்.

மாரிச்சாமி

ஸ்ரீவில்லிபுத்தூர்
10.9.1990

அண்ணே,

சிரித்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சிரித்தேன், பால் பொங்கிப்போனது. எந்த டிபார்ட்மென்ட்டாம்! அப்புறம் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், நான் சிரித்ததை மட்டும் நீ நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஒருத்தரும் கேட்கவில்லை என்றாரா தலைவர்? சம்சாத் பேகத்தின் மாமனார் தபாலாபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவரும் அன்றைக்கு அங்கே இருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து மருமகளிடம், “அந்தப் பிள்ளை பேசினதைக் கேட்டு எனக்குச் சோறு இறங்கலைம்மா” என்று சொல்லியிருக்கிறார். உன் பெயரை அவர் சொல்லவில்லை. பிள்ளையை மடியில் வைத்துச் சாய்ந்த ஃபிட்டர் என்று சொன்னதும் சம்சாத்துக்குப் புரிந்துவிட்டது. என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

சரி, இப்போது வேலையைக் கேள். உன் மாப்பிள்ளையிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். “உங்க அண்ணன் எத்தனை சத்தியம் பண்ணியாச்சு? அவன் போறான்னு யாரு பாத்தா?” என்றார். நியாயமான கேள்வி. நீ என் தலையில் அடித்து நாலு தடவை சத்தியம் பண்ணியிருக்கிறாய், என் தலை இன்னும் இருப்பதே பெரிது. அதனால் வாராவாரம் நீ வந்ததற்கு அந்தக் கூட்டத்தில் ஒரு சீட்டு எழுதி வாங்கி அனுப்பு. கையெழுத்து நோட்டு இருக்குமே, அதைப் பார்த்து எழுதித் தரட்டும்.

சீட்டு தர மாட்டார்கள் என்றால், தெரிந்தவர் ஒருத்தர் இருந்தார் என்று எழுதினாயே, அவர் பெயரைச் சொல்லு. இந்த ஊர் ஆள்தானே. இவரை அனுப்பிக் கேட்கச் சொல்கிறேன். அவர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மடி உனக்குத்தான்.

வேலுத்தாய்

ராஜபாளையம்
5.10.1990

தங்கை வேலுத்தாய்க்கு,

பதில் எழுதத் தாமதம். எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான்.

அங்கே கையெழுத்து நோட்டு கிடையாது. வந்தவர் பெயரை யாரும் எழுதுவதில்லை. முத்திரை, சீட்டு, ரசீது ஒன்றும் கிடையாது. என் கையெழுத்து இருக்கிற ஒரே கூட்டம் பென்ஷன்காரர்கள் கூட்டம்தான்.

அந்தப் பெயரையும் சொல்ல மாட்டேன். அங்கே யாரைப் பார்த்தோம் என்பதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். அதுதான் அந்த அறைக்குக் கதவு. அது இல்லாவிட்டால் யாரும் உள்ளே வர மாட்டார்கள். நானே வந்திருக்க மாட்டேன். முதல் நாள் உனக்கு எழுதியபோது இது எனக்குச் சரியாகத் தெரியாது, தெரிந்தவர் இருந்தார் என்று எழுதியதே தப்பு. மறந்துவிடு.

நீ கோபப்படுவாய். மறுபடியும் பொய் சொல்கிறான் என்று நினைப்பாய். நான் இதுவரை சொன்ன பொய்களுக்கு நீ அப்படித்தான் நினைக்க முடியும். அந்த மனிதர் பெயரைச் சொல்லித்தான் மலர் என் மடிக்கு வரவேண்டும் என்றால் வேண்டாம் தாயி. எனக்கு ஆசை இல்லாமல் இல்லை.

சில வாரம் ஐந்து பேர், சில வாரம் மூன்று பேர். போன வாரம் மழை, நானும் அவரும் மட்டும்தான். போய்விடலாமா என்றேன். “ரெண்டு பேரு இருந்தாக் கூட்டம்தான், உக்காருலே” என்றார். ஒரு மணி நேரம் பேசினோம். ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள வேண்டிய ஆட்கள் நாங்கள். திட்டவில்லை.

நேற்றோடு முப்பத்தாறு நாள்.

மாரிச்சாமி

ஸ்ரீவில்லிபுத்தூர்
12.12.1990

அண்ணே,

உன் அக்டோபர் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை. கோபம்தான். ஒரு பெயர், ஒரே ஒரு பெயர், அதைச் சொல்ல இவ்வளவு பிகுவா என்று கொதித்தேன். கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். போடவில்லை.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். நாலு வியாழக்கிழமையாக ஆறு மணிக்குச் சம்சாத் வீட்டு மாடி ஜன்னலில் போய் நிற்கிறேன். நீ எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாய். முனைக்கு வந்ததும் செத்த நேரம் நிற்கிறாய், எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்கிறாய், போய்விடுகிறாய். நாலு தடவையும் நின்றாய். கூப்பிட வாய் வந்தது. கூப்பிட்டால் வீட்டில் தெரியும் என்று அடக்கிக்கொண்டேன். இளைத்துப் போயிருக்கிறாய். ஆனால் நேராக நடக்கிறாய்.

உன் மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லிவிட்டேன். பெரிய மச்சான் வியாழக்கிழமை சாயங்காலம் கூமாப்பட்டித் தோப்புக்குப் போய்விடுவார், அன்றைக்குத்தான் இந்த வீட்டில் எதையும் வாய்விட்டுப் பேச முடியும். அங்கே தென்னையைத்தான் பார்க்கப் போகிறாரா வேறு எதையாவதா என்று செல்லத்தாய் அக்காவுக்கு ஆறு வருஷமாகச் சந்தேகம். புருஷனிடம் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. அது போகட்டும். உன் மாப்பிள்ளை ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, “தை வரைக்கும் ஒரு சொட்டு தொடலைன்னா அவன் மடியிலயே உக்காரட்டும். தொட்டான்னு தெரிஞ்சா சேதுபதிதான்” என்றார். பெரிய மச்சானிடமும் சொன்னார். மச்சான் ம் என்று மட்டும் சொன்னார். வாசப்படிப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை.

இன்னும் ஆறு வாரம்தான் அண்ணே. கெட்டியாக இரு. சத்தியம் எல்லாம் வேண்டாம். மலருக்கு நீதான் மாமன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். “மாமா எப்ப வருவாக?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

வேலுத்தாய்

ராஜபாளையம்
18.1.1991

தங்கை வேலுத்தாய்க்கு,

உட்கார்ந்து படி.

புதன்கிழமை குடித்தேன். பொங்கல் லீவு. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சண்டை இல்லை, துக்கம் இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை வாங்கப் போனேன். கால் நேராகக் கடைக்குப் போனது. குவார்ட்டர் வாங்கினேன், முழுவதும் குடித்தேன். காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், எழுதுகிற மாதிரி ஒன்றும் இல்லை. நூற்று முப்பத்தொன்பது நாள் போய்விட்டது.

சீனியம்மாளுக்குத் தெரியாது, ஊரில் இருந்து வந்த அவள் தங்கச்சி பிள்ளைகளோடு சினிமாவுக்குப் போயிருந்தாள். நேற்று கூட்டத்தில் சொன்னேன். சொல்லும்போது முதல் நாள் எனக்கு இடம் விட்டவரைப் பார்க்க முடியவில்லை. அவர் டீ வாங்கிக் கொடுத்தார். “இன்னைக்கு ஒரு நாள்னு எண்ணு” என்றார்.

வீட்டுக்கு வந்து சீனியம்மாளிடம் சொன்னேன். தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். இப்போது உன்னிடம் சொல்கிறேன். சொல்லாமல் இருந்தால் இருபத்தேழாம் தேதி மலர் என் மடியில் உட்காருவாள், ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் விடலாம் என்று எழுதாமல் படுத்துக்கொண்டேன். முடியவில்லை. திருட்டு மடியில் உன் பிள்ளையை வைக்க மாட்டேன்.

சேதுபதியே உட்காரட்டும். நான் வந்து ஓரமாக நிற்கலாம் என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் இல்லை.

மாரிச்சாமி

ஸ்ரீவில்லிபுத்தூர்
21.1.1991

அண்ணே,

பாவி. பதினோரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? குடித்ததுதான் குடித்தாய், ஏன் என்னிடம் சொன்னாய்? சொல்லாமல் இருந்திருந்தால் நான் நிம்மதியாகப் பட்டுப்பாவாடைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் முழுக்க இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு, மறைத்துவிடலாமா என்று நானும் நினைத்தேன். உனக்குத் தங்கச்சிதானே நான்.

நேற்று ராச்சாப்பாட்டில் உன் கடிதத்தை வாய்விட்டு வாசித்தேன். இவரும் பெரிய மச்சானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவருக்கு முகம் தொங்கிவிட்டது. “சொன்ன சொல்லு சொல்லுதான், சேதுபதியே உக்காரட்டும்” என்றார். மச்சான் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார்.

உன்மேல் கோபம் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன். நீ குடித்ததை இதுவரை ஊர்தான் வந்து என்னிடம் சொல்லும். முதல் தடவையாக நீ சொல்லியிருக்கிறாய். அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கோயிலுக்கு வா. மதினியையும் கூட்டிக்கொண்டு வா. ஓரமாக நில்லு, ஆனால் வா.

வேலுத்தாய்

ஸ்ரீவில்லிபுத்தூர்
29.1.1991

அண்ணே,

கோயிலில் நடந்தது உனக்குத் தெரியும். நீ மதினியோடு பஸ் ஏறிப் போன பிறகு வீட்டில் நடந்தது தெரியாது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சேதுபதி மடியில் இருந்த மலரைப் பெரிய மச்சான் தூக்கியபோது எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடியும் என்ன ரகளையோ என்று. அவர் நேராக நடந்துபோய், பந்தல் கால் பக்கத்தில் நின்ற உன்னை உட்காரச் சொல்லி உன் மடியில் வைத்தார். “பிள்ளைக்கு மாமன் இருக்கும்போது இன்னொரு மடி எதுக்கு? நான் ஜவாப்பு” என்றார். நீ கும்பிட்ட கையை எடுக்கவே இல்லை. ஆசாரிதான் “பிள்ளையைப் பிடிங்கய்யா” என்று அதட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் உன் மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார். “வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொன்னதும் நீங்க, பத்து நாளைக்கு முன்னால குடிச்சவன் மடியில பிள்ளையை வச்சதும் நீங்க. எந்த நம்பிக்கையில ஜவாப்பு சொன்னீக?”

மச்சான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். “அவன் கூட உக்காந்திருக்கேன்” என்றார்.

“எங்க?”

“வேதக்கோயில் பள்ளிக்கூடத்துல. வியாழக்கிழமை. ஆறு வருசமாப் போறேன்.”

அண்ணே, இந்த மனிதர் குடித்ததே எங்களுக்குத் தெரியாது. உரம் எடுக்கப் போகிறேன் என்று மாதம் ரெண்டு தடவை மதுரைக்குப் போய் அறை எடுத்துத் தங்கிக் குடித்திருக்கிறார். ஜெயந்தி காது கிழிந்த அன்றைக்கு அவர் நிறுத்தி இரண்டரை வருஷம். “அன்னைக்கு அவன் வாயில அடிச்ச வாடை என் வாடை. அந்தக் கோவத்துலதான் வாசப்படிப் பேச்சு வந்துருச்சு” என்றார். அதற்கப்புறமும் அவர் மூன்று தடவை விழுந்திருக்கிறார். “அங்க உள்ளவுகளுக்குச் சொன்னேன். வீட்டுல ஒருத்தருக்கும் சொன்னதில்லை. இவன் சொல்லிப்போட்டான். மடி கிடைக்காதுன்னு தெரிஞ்சே சொல்லிப்போட்டான். அந்த லெட்டரை நீ வாசிச்சதுக்குப் பொறவு எனக்குச் சோறு இறங்கலை தாயி” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அப்போது செல்லத்தாய் அக்கா அடுக்களையில் இருந்து வந்தாள். “அப்ப கூமாப்பட்டியில எவளும் இல்லையா?” என்றாள். மச்சான் விழித்தார். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. “ஆறு வருசமா அவ பேரு என்னவா இருக்கும்னு நினைச்சு நினைச்சே வெந்தேன். பள்ளிக்கூடத்துக்கா போனீக?” என்றாள். மச்சான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

உன்னிடம் இனி ஒன்றும் கேட்க மாட்டேன். செப்டம்பரில் நான் ஒரு பெயர் கேட்டேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே உனக்கு மடி கிடைத்திருக்கும், இந்த வீடு இரண்டாகியிருக்கும். நீ சொல்லவில்லை. நான் உன்னைப் பொய்யன் என்று நினைத்தேன். மன்னித்துவிடு அண்ணே.

இனிமேல் வியாழக்கிழமை தெரு முனையில் நிற்காதே. வீட்டுக்கு வா, காபி குடித்துவிட்டுப் போ. சம்சாத் பெயருக்கும் கடிதம் போட வேண்டாம்.

வேலுத்தாய்

ராஜபாளையம்
1.2.1991

தங்கை வேலுத்தாய்க்கு,

நேற்று காபிக்கு வந்தபோது உன்னிடம் சொல்ல நினைத்தேன். வீடு நிறைய ஆட்கள், சொல்ல முடியவில்லை. பெரிய மச்சானும் நானும் உன் வீட்டில் இருந்து சேர்ந்து கிளம்பினோம். தெரு முனைவரை இரண்டு பேருமே பேசவில்லை. அப்புறம் அவர், “உன் தங்கச்சி காபியில சீனியை அள்ளிக் கொட்டுறா” என்றார். அது ஒன்றுதான் பேச்சு.

கோயிலில் நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார், நீ தேங்காய் உடைக்கிற பக்கம் போயிருந்தாய். மலர் என் மடியில் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். யார் சொல்லிக் கேட்டாளோ, வீட்டில் பேசியதுதானே. என் காதோடு வாயை வைத்து, “மாமா, நீ கீழ விழுந்துறாத” என்றாள்.

மூன்று வயசுப் பிள்ளை. விழமாட்டேன் கண்ணு என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்படி எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். குடித்துப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அவளிடமும் அப்படிச் சொல்லக் கூடாது என்று இருந்தது.

“நீ மாமாவைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ” என்றேன்.

அவள் இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியபோதும் விடவில்லை.

மாரிச்சாமி